கை காட்டினால் நிற்க வேண்டும்

விராலிமலையைச் சுற்றியுள்ள சாலைகளில் பேருந்து ஓட்டுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மயில் குறுக்கே வந்தால் வேகத்தைக் குறைப்பார்கள். முருகன் மலையடிவாரம் என்பதால் பக்தியாக இருக்கலாம். தேசியப் பறவை என்பதால் சட்டத்துக்கு அஞ்சியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் பாராட்டத்தக்கது. ஆனால் அவர்களில் சிலர், சேரிக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் கை காட்டி நிற்கும் மனிதர்களைக் கண்டால் மட்டும் வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

சில வாரங்களுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு குடியிருப்புக்குச் சென்றிருந்தோம். காலை ஏழரை மணி. சாலையோரப் புளியமரத்தடிதான் நிறுத்தம். பெயர்ப்பலகை இல்லை, நிழற்குடை இல்லை. தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போகும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள், பள்ளிப் பிள்ளைகள் என இருபது, இருபத்தைந்து பேர் நின்றார்கள். முதலில் வந்த பேருந்து நிற்கவில்லை. ஓட்டுநர் கையைப் பின்பக்கமாகக் காட்டிவிட்டுப் போனார். ‘பின்னால் வருகிறது’ என்று பொருளாம். அடுத்த பேருந்து நின்றது. ஆனால் மரத்தடியில் அல்ல, நூறடி தள்ளி. பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடினார்கள். கடைசியாகத் தொற்றிய பையனின் ஒரு கால் படியிலும் இன்னொரு கால் தரையிலும் இருக்கும்போதே வண்டி நகர்ந்தது. கீழே விழுந்தான். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பின்சக்கரம் இரண்டடி தள்ளி உருண்டு போனது.

பக்கத்தில் நின்ற மூதாட்டி சொன்னார்: “தம்பி, நாப்பது வருசமா இந்த மரத்தடியிலதான் நிக்கிறேன். பின்னால வருது, பின்னால வருதுன்னு கையக் காட்டுறாங்க. பின்னால என்னைக்கும் ஒண்ணும் வந்ததில்ல.”

அந்தப் பேருந்து அரசுடையதா, தனியாருடையதா என்பதல்ல நமது பேச்சு. நிற்காத பேருந்தைச் சின்னக் குறை என்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பேருந்து நிற்காவிட்டால் மக்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவதில்லை. வேலைக்குப் போயாக வேண்டும். ஒரே இருசக்கர வண்டியில் மூன்று பேர் போகிறார்கள். ‘குட்டியானை’ என்று நாம் சொல்கிற சரக்கு வண்டியில் ஆடுமாடுகளைப் போல நின்றுகொண்டு போகிறார்கள். பிரிவுச் சாலை வரை இருட்டில் நடந்து, திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் துறையூர் அருகே ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வாகனம் கிணற்றில் பாய்ந்து 8 பேர் இறந்ததை இந்தப் பகுதி மறந்திருக்காது. இப்படி ஏதாவது நடந்தால் மறுநாள் செய்தியில் ‘சாலையைக் கடக்க முயன்றபோது’ என்றோ ‘சரக்கு வாகனத்தில் ஆபத்தான பயணம்’ என்றோ வரும். அவர்கள் ஏன் அப்படிப் போனார்கள் என்ற கேள்வி வராது. பல விபத்துகள் மோதும் இடத்தில் தொடங்குவதில்லை. ஏற்ற மறுக்கப்பட்ட நிறுத்தத்தில் தொடங்குகின்றன.

இதை நமக்கு முன்பே தம் உடம்பில் அனுபவித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1929-இல் பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் சென்றவர், திரும்பும் வழியில் சாலிஸ்கான் ஊரில் இறங்கினார். அவரை மகர் குடியிருப்புக்கு அழைத்துச் செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். தீண்டத்தகாதவரை உட்கார வைத்து ஓட்டுவது தம் மதிப்புக்குக் குறைவு என்றார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தர ஒருவர் ஒப்புக்கொண்டார். நம் ஆட்களில், ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கியது. அண்ணல் தூக்கி எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவருடைய கால் எலும்பு முறிந்தது. காவல்துறை எழுதியிருந்தால் ‘ஓட்டுநரின் அனுபவமின்மை’ என்று எழுதியிருக்கும். அண்ணல் காரணத்தைச் சரியாக எழுதினார்: ஏற்ற மறுத்தவனின் சாதி.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாறு உண்டு. பொதுச் சாலையில் நடப்பதற்கே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924-இல் தீர்மானம் தேவைப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் அதற்காகக் குரல் கொடுத்தார். பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். அறிவுரையாகச் சொல்லாமல் உரிமத்தில் கை வைத்தார். கதவு திறந்தது.

ஆனாலும் பேருந்துக்குள் சாதி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்று கலவரம் நடந்தது. முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வந்த பேருந்தை வழிமறித்துத்தான் அந்தக் கொலைகள் நடந்தன.

பழங்கதை என்று தள்ளுவோருக்கு அண்மைக்காலச் செய்திகளும் இருக்கின்றன. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டத்தில், மீன் விற்றுத் திரும்பிய பெண்ணை நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அதே மாதம் அதே மாவட்டத்தில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று இறக்கிவிடப்பட்டது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில், மாட்டிறைச்சி எடுத்துச் சென்ற தலித் பெண்ணை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் வாணியம்பாடி அருகே, பிளஸ் 2 தேர்வு நாளன்று நிற்காமல் போன பேருந்தின் பின்னால் ஒரு மாணவி ஓடினார். இந்த நிகழ்வுகளில் எல்லாம் பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தி வெளியே பரவியதால் நடவடிக்கை வந்தது. புளியமரத்தடியில் படம் எடுக்க யாரும் இல்லை. விழுந்த பையனும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

இவை எல்லாமே சாதியால் மட்டும் நடந்தவை என்று நாம் சொல்லவில்லை. 2021 மே மாதத்திலிருந்து மகளிருக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குக் கொடுக்கிறது. ஆயினும் ‘ஓசி டிக்கெட்’ என்ற ஏளனம் நிற்கவில்லை. பெண் என்றால் ஒரு முகச்சுளிப்பு. கூலிக்காரப் பெண் என்றால் இன்னொன்று. சேரிப் பெண் என்றால் வண்டியே நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சுமை இது.

ஓட்டுநர் தரப்பையும் பேசியாக வேண்டும். ஓட்டுநர்களில் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நடைமுறையில் டபுள் டூட்டி பார்த்துக் கண் எரிய ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லி 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தமே செய்தன. தனியார் பேருந்துகளில் டைமிங்கும் கலெக்ஷனும் ஓட்டுநரை விரட்டுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் ஒரே வாரத்துக்குள் தென்காசி மாவட்டத்தில் இரண்டு தனியார் பேருந்துகளும், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே இரண்டு அரசுப் பேருந்துகளும் நேருக்கு நேர் மோதின. பல குடும்பங்கள் குலைந்தன. அந்த இருக்கைகளில் எல்லாச் சாதியாரும்தான் இருந்திருப்பார்கள். வேகம் சாதி பார்க்காது. ஆனால் நேரம் போதாதபோது எந்த நிறுத்தத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவெடுக்கிறாரே, அங்கே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊர் நிறுத்தத்தை விட்டால் கேள்வி கேட்பார்கள். நம் நிறுத்தத்தை விட்டால் கேட்க ஆளில்லை என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றும் வேலை நம்முடையது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் பொது ஊர்தியைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவும், குளம், கிணறு, சுடுகாடு ஆகியவற்றோடு பொது ஊர்தியையும் பாதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, படிக்கட்டில் ஆள் ஏற்றிச் செல்லக் கூடாது என்று பயணிக்கு மட்டும் சொல்லவில்லை. முதலில் ஓட்டுநருக்கே சொல்கிறது. 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் படிக்கட்டில் நின்ற 4 மாணவர்கள் லாரி மோதி இறந்த பிறகும், தொங்குகிற பிள்ளையை மட்டுமே திட்டிக்கொண்டிருக்கிறோம். கூட்ட நேரத்தில் இரண்டு வண்டி விட வேண்டிய இடத்தில் ஒரு வண்டி விடுகிறவர்களை யார் கேட்பது?

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் ‘காலனி ஸ்டாப்’ என்ற பெயர் போனால் போதாது. ஸ்டாப் இருக்க வேண்டும். வேங்கைவயலால் நாடறிந்த மாவட்டம் இது. அங்கே குடிதண்ணீரில் காட்டிய வெறுப்பு, சாலையில் வேறு உருவத்தில் வருகிறது என்பதை மாவட்ட நிர்வாகம் உணர வேண்டும்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. விராலிமலை வட்டாரத்தில் ஒவ்வொரு பட்டியல் சாதிக் குடியிருப்பின் முன்னும் அங்கீகரித்த நிறுத்தம், ஊர்ப் பெயரில் பலகை, விளக்கு, நிழற்குடை வேண்டும். ஒவ்வொரு பேருந்தின் உள்ளேயும் நிறுத்தங்களின் பட்டியலும் புகார் எண்ணும் எழுதப்பட வேண்டும். பள்ளி நேரத்தில் கூடுதல் நடை வேண்டும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டத்தின் வழித்தடங்கள் நம் தெருக்களிலிருந்து புறப்பட வேண்டும். நிற்காத வண்டிக்கு அபராதம் ஓட்டுநரோடு முடியக் கூடாது; சௌந்தரபாண்டியனார் காட்டிய வழியில் உரிமம் வைத்திருப்பவர் வரை போக வேண்டும். ஓட்டுநருக்கு ஓய்வும், ஓடி முடிக்கக்கூடிய நேர அட்டவணையும் கொடுக்க வேண்டும். அவசரமில்லாத ஓட்டுநர்தான் நிதானமாக நிறுத்துவார்.

நம் மக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிற்காத பேருந்தின் பதிவெண், நாள், நேரம், நிறுத்தம் இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதுங்கள். வசைக்குப் பதில் இல்லாமல் போகலாம். கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கிராமசபையில் தீர்மானமாக்குங்கள். ஆட்சியர் தலைமையிலான வன்கொடுமைத் தடுப்பு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவிலும், சாலைப் பாதுகாப்புக் குழுவிலும் வையுங்கள். இரண்டு குழுக்களும் ஒரே பிரச்சினையைத்தான் பார்க்கின்றன என்பது அப்போது தெரியும்.

அன்று திரும்பும்போது, விழுந்த பையனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் தேதி போட்டு, தன்னைத் தள்ளிவிட்ட வண்டியின் எண்ணை எழுதினான். பாட்டிக்கு எழுதத் தெரியாது. “நான் மணியப் பார்த்துச் சொல்றேன், நீ எழுதுடா” என்றார். நாற்பது ஆண்டு நின்றவருக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது மனப்பாடம். இனி, எந்த வண்டி நிற்கவில்லை என்பதும் எழுத்தில் இருக்கும்.