கையெழுத்துள்ள படமும் பெயரில்லாத முகமும்

பாடசாலையை விட்டுப் பிரியும் காலம் நெருங்கினால் ஓட்டோகிராப் புத்தகங்கள் கைக்குக் கை மாறத் தொடங்கிவிடும். பிரியமானவர்களின் கைபட்ட ஒரு வரியாவது நம்மிடம் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். பெரும் எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்ப்பவர்களின் ஆசையும் இதுவே. அதை வீண் பொழுதுபோக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்தச் சேகரிப்பு நமக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது.

ஜூலியா மார்கரெட் கமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு படம்பிடிக்கப் பழகினார். இங்கிலாந்தின் வைட் தீவில் அவருடைய அயலவராக இருந்தவர் கவிஞர் டெனிசன். டெனிசன், கார்லைல், லோங்ஃபெலோ, டார்வின் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் அரும்பொருட்களாகப் போற்றப்படுகின்றன. டெனிசன் தம் கையாலேயே ஒப்பமிட்ட பிரதிகளும் உண்டு. டார்வினின் படத்திலோ, இந்தப் படம் தமக்கு மிகவும் பிடித்தது என்று அவர் எழுதிய வரி பல பிரதிகளில் கல்லச்சில் அச்சிடப்பட்டிருக்கிறது. பேனா மை வேறு, அச்சு மை வேறு. அந்த வேறுபாட்டை அறியாதவர் நகலை அசலென்று நம்பி ஏமாறுவார்.

இதே கமரூன் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் காலமான அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையிலும் அவர் சில படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்று ஓவியர் மரியான் நோர்த்தின் படம். நோர்த்தின் பெயர் நமக்குத் தெரியும். மற்றப் படங்களில் இருக்கும் நம் நாட்டுப் பெண்களின் பெயர்கள் தெரியவில்லை. அவர்களுட் பலர் தோட்டங்களில் உழைத்த தமிழர் என்று கருதப்படுகிறது. கமரா ஒன்றுதான், படம் எடுத்த கையும் ஒன்றுதான். ஒருவருக்குப் பெயர் இருக்கிறது. மற்றவருக்கு முகம் மட்டுமே இருக்கிறது.

புகழ்பெற்றவரின் படத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் அவரை உலகம் அடையாளம் கண்டுகொள்ளும். சாதாரண மனிதருக்கு அப்படியல்ல. படத்தின் பின்னால் யாராவது ஒரு பெயரை எழுதி வைக்காவிட்டால், இரண்டு தலைமுறைக்குள் அவர் யாரோ ஒருவராகிவிடுவார். ஆகவே, பெயர் எழுதவேண்டிய தேவை சாதாரண மனிதரின் படத்துக்கே அதிகம் என்பது என் கருத்து.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் பழைய அல்பத்தை எடுத்து உம்மம்மாவின் அருகில் அமருங்கள். இது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடலாம்.

கல்லூரி மலர்களில் குழுப் படங்களின் கீழே பெயர்களை இடமிருந்து வலமாக அச்சிடுகிறோம். வகுப்பறைகளைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்யும் அக்காவும் ஒரு படத்தில் நிற்கட்டும். அவருடைய பெயரும் அந்த வரிசையில் வரட்டும்.