அகத்துக்கு விலை உண்டோ?

இணையத்தில் நாம் எதைத் தேடினோம், எதை வாங்கினோம், யாரோடு எவ்வளவு நேரம் உரையாடினோம், எந்தத் தெருவில் எப்பொழுது நின்றோம் என்பனவெல்லாம் பெருநிறுவனங்களின் களஞ்சியங்களில் ஓய்வின்றிச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வைத்து அந்நிறுவனங்கள் விளம்பர வருவாய் ஈட்டுகின்றன. அவ்வாறாயின், தரவுக்கு உரியவர்களுக்கு அவ்வருவாயில் பங்கு தர வேண்டாமா என்று கேட்போர் தொகை பெருகிவருகிறது. கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. களத்து நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவன் காசு கொடுக்காமல் போனால் அதற்குப் பெயர் களவுதானே? ஆயினும், தரவுக்கு விலை கேட்கும் இக்கோரிக்கையில் நமக்கு உடன்பாடில்லை.

கோருவோர் சாமானியர் அல்லர். கணினி அறிஞர் ஜேரன் லேனியர் 2013-இல் வெளியிட்ட ‘ஹூ ஓன்ஸ் த ஃபியூச்சர்’ என்னும் நூலில், தரவு தருவோர்க்குச் சிறுசிறு தொகைகளாகப் பணம் சென்றுசேரும் ஏற்பாடு வேண்டுமென வாதிட்டார். கலிபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம் 2019 பிப்ரவரியில் ‘தரவு ஈவுத்தொகை’ என்னும் கருத்தை முன்வைத்தார். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு வேட்பாளராக முயன்ற ஆண்ட்ரூ யாங் 2020-இல் இதற்கென்றே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2023-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் ஃபேஸ்புக் பயனர் ஒருவரால் மெட்டா நிறுவனம் ஈட்டிய சராசரி வருவாய், அமெரிக்க-கனடிய வட்டாரத்தில் 68.44 டாலர், ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் 5.52 டாலர். இவை அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கு. இது வருவாய், ஆதாயம் அன்று என்பதையும் நினைவிற் கொள்க. ஒரு காசு மிச்சம் வைக்காமல் முழுவதையும் பங்கிட்டுக் கொடுத்தாலும், நம் பக்கத்து மனிதர் ஒருவருக்கு அன்றைய மதிப்பில் மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 460 ரூபாய். மாதத்துக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கைபேசிக் கட்டணத்துக்கே போதாது.

தொகை சிறிது என்பதற்காக நாம் மறுக்கவில்லை. அந்த இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள பன்னிரு மடங்கு வேறுபாடுதான் நம்மை உறுத்துகிறது. அமெரிக்கர் ஒருவரின் ஆசைகளும் அச்சங்களும் நம்முடையவற்றைக் காட்டிலும் ஆழமானவையா என்ன? வாங்கும் திறன் மிக்கவருக்கு விளம்பர விலை மிகுதி, அவ்வளவே. சந்தையிடம் விலை கேட்டால் சந்தை இப்படித்தான் சொல்லும்.

வகுப்பில் இதைப் பேசியபொழுது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நாம் வேண்டாம் என்றாலும் எடுக்கத்தான் போகிறார்கள். பத்து ரூபாயாவது வரட்டுமே” என்றார். இக்கோரிக்கைக்கு ஆதரவாக நாம் கேட்டவற்றுள் வலிமை மிக்க வாதம் இதுவே என்போம். அறிஞர்களின் நூல்கள் இதனைச் சுற்றிவளைத்துச் சொல்கின்றன. அம்மாணவர் நேராகச் சொன்னார். ஆனால், அந்தப் பத்து ரூபாய் ஒரு வேலையைச் செய்கிறது. களவை அது கிரயமாக மாற்றிவிடுகிறது. பொருளைக் களவுகொடுத்தவன் எப்பொழுது வேண்டுமாயினும் முறையிடலாம். கையெழுத்திட்டு விற்றவன் எங்கே போய் முறையிடுவான்?

நிற்க. தமிழ் பயின்றோர்க்கு இவ்விடத்தில் வேறொன்று நினைவுக்கு வந்தே தீரும். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. காதலின் நுண்மைகள் அனைத்தையும் பாடலாம், ஊடலைப் பாடலாம், உறங்காத இரவைப் பாடலாம், ஆனால், அது இன்னாருடையது என்று மட்டும் சொல்லலாகாது. பெயர் வந்துவிட்டால் அது புறம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையின் கதை இதற்குச் சிறந்த சான்று. பிரிவால் வருந்தும் தலைவி, பாசறையில் உறக்கமின்றித் திரியும் தலைவன் என அகத்துக்குரிய பொருளெல்லாம் அதில் நிரம்பியிருக்கின்றன. பெயர் எதுவும் இல்லை. ஆயினும், பாசறைக் காட்சியில் ஒரு வேலில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக நக்கீரர் பாடிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பு தலைவன் இன்ன குடியினன் என்று காட்டிக்கொடுத்துவிட்டதால், அப்பாட்டு புறத்துள் வைக்கப்பட்டது. ஒரு சிறு வேம்பு, ஒரு நெடும்பாட்டின் திணையையே மாற்றிவிட்டது!

“பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவைப் பயன்படுத்துகிறோம்” என்று நிறுவனங்கள் கூறும்பொழுதெல்லாம் நமக்கு இந்த வேம்புதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டில் ஒரு கணக்கிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய கைபேசி ஒருவரைப் பற்றித் திரட்டும் குறிப்புகள் மூன்றல்ல, எண்ணிலடங்கா. எங்கும் வேம்பு பூத்துக் கிடக்கிறது.

விலை கொடுக்கத் தொடங்கினால் இந்நிலை இன்னும் மோசமாகும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கூலி வந்துசேர வங்கிக் கணக்கு வேண்டும்; கணக்குக்கு அடையாளச் சான்று வேண்டும். இன்னாருடைய இன்ன தரவு இத்தனை முறை பயன்பட்டது, அதற்கு இவ்வளவு என்று எழுதிவைக்கப் பேரேடு வேண்டும். எந்த வேவுகாரனும் கனவிலும் காணாத பேரேடு அது. பெயரற்றுக் கிடந்த சிறு தடமும் பணத்தின் பொருட்டுப் பெயரோடு கட்டப்பட்டுவிடும்.

மேலும், விற்பதற்கு அது நம் ஒருவருடைய பொருள்தானா? மரபணுச் சோதனை நடத்தும் அமெரிக்க நிறுவனமாகிய 23அண்ட்மீயில் 2023-இல் ஊடுருவல் நிகழ்ந்தது. ஊடுருவியோர் நேரடியாகத் திறந்த கணக்குகள் ஏறத்தாழ 14,000. ஆனால், உறவினரைக் கண்டறியும் வசதியின் வழியாக ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. ஒருவர் திறந்த கதவின் வழியே அவருடைய பங்காளிகள் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அந்நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்குச் சென்றது. பெருந்திரளானோரின் மரபணு விவரங்கள் கடன் தீர்க்கும் சொத்துகளோடு சேர்த்து விற்பனைக்கு வந்தன. நம் தொலைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவை பிறருடைய எண்கள். அதை விற்று வரும் காசு யாருக்கு உரியது? தாயின் நோயைப் பற்றி மகள் தேடிய தேடலுக்கு யார் கூலி வாங்குவது?

விலை பேசப்படும் இடத்தில் முதலில் வந்து நிற்போர் யார் என்பதையும் உலகம் கண்டுவிட்டது. சாம் ஆல்ட்மன் இணைந்து நிறுவிய வேர்ல்டுகாயின் திட்டம் 2023 ஜூலையில் முறையாகத் தொடங்கப்பட்டது. வெள்ளி நிறக் கோளம் ஒன்றின் முன் நின்று கருவிழியைப் பதிவு செய்துகொண்டால், கிரிப்டோ நாணயம் கிடைக்கும். கென்யத் தலைநகர் நைரோபியில் மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். மறுமாதமே அந்நாட்டு அரசு அதை நிறுத்திவைத்தது. திரட்டிய உயிரியல் அடையாளங்களை அழிக்க வேண்டுமென 2025 மே மாதத்தில் அங்குள்ள உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பிரேசிலின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் எடுத்த முடிவு இன்னும் கூர்மையானது. கருவிழிப் பதிவுக்குப் பணம் கொடுப்பதையே அது தடுத்தது. பணத்தேவையில் இருப்பவர் முன் காசை நீட்டிவிட்டுப் பெறும் ஒப்புதல், சுதந்திரமான ஒப்புதல் ஆகுமா என்பது அவ்வாணையத்தின் ஐயம்.

அந்த ஐயம் தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின்னர் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலோர் இன்னும் கடனிலேயே இருந்தனர். சிறுநீரகமும் தரவும் ஒன்றல்ல என்பதை அறிவோம். தரவு விற்றவர் மருத்துவமனையில் படுப்பதில்லை. ஆனால், ‘அவர் விரும்பித்தானே விற்றார்’ என்னும் சொல் இரண்டிடத்திலும் ஒன்றே.

இதே நாணயத்தின் மறுபக்கத்தை ஐரோப்பா கண்டது. 2023 நவம்பரில் மெட்டா அங்கே ஓர் ஏற்பாட்டைக் கொணர்ந்தது: வேவு பார்க்கும் விளம்பரம் வேண்டாமெனில் இணையத்தில் மாதம் 9.99 யூரோ கட்டுங்கள்; இல்லையேல் இசைவு தாருங்கள். ஓராண்டு கழித்துக் கட்டணம் 5.99 யூரோவாகக் குறைந்தது. இந்த முறை சட்டத்துக்கு ஒவ்வாது எனக் கூறி ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ தண்டம் விதித்தது. நமக்குப் பணம் தந்தாலும் சரி, நம்மிடம் பணம் கேட்டாலும் சரி, அகத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியாயிற்று என்றால் செல்வர்க்குக் கதவும் ஏழைக்குத் திறந்த வெளியும் என்றே முடியும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடுதல் கூடாது. உழைப்புக்குக் கூலி வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. பெங்களூருவைச் சேர்ந்த கார்யா என்னும் அமைப்பு, கன்னடச் சிற்றூர்களில் உள்ளவர்கள் கைபேசியில் வாக்கியங்களைப் படித்துக் குரல் பதிவு செய்வதற்கு மணிக்கு ஏறத்தாழ 5 டாலர் வழங்கியதை 2023-இல் செய்திகள் வழி அறிந்து மகிழ்ந்தோம். அது வேலை. உட்கார்ந்து, படித்து, பிழை திருத்தித் தருகிறார்கள். தமிழுக்கும் அத்தகைய பணிகள் பெருகட்டும், அதற்கு நல்ல கூலியும் கிடைக்கட்டும். ஆனால், நடுநிசியில் ஒருவர் தம் மனவேதனைக்கு மருந்து தேடியது வேலையன்று. அது அவருடைய வாழ்க்கை.

அப்படியானால் கேட்க வேண்டியது யாது? விலையைக் கேட்பதை விடுத்து இழப்பீட்டைக் கேட்க வேண்டும் என்போம். இரண்டும் பணந்தானே என்று தோன்றலாம். விலை முன்னே வந்து வாயை அடைக்கிறது. இழப்பீடு தீங்கு நேர்ந்த பின்னர் உரிமையோடு கேட்கப்படுவது. வருந்தத்தக்கது என்னவெனில், நம் நாட்டுச் சட்டம் எதிர்த்திசையில் நடக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நுண்ணிய தனித்தகவல்களை நிறுவனம் அசட்டையால் காக்கத் தவறி ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால், அவருக்கு இழப்பீடு தர வழிசெய்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்க வகைசெய்கிறது. புதிய சட்டத்தில் தண்டம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. ஆனால், அத்தொகை இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. சட்டத்தின் பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வர வேண்டும்.

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, முன்பின் அறியாத கல்லூரிகளிலிருந்து பெற்றோர்க்கு அழைப்புகள் வருவதை இவ்வூரில் அறியாதார் இல்லை. பிள்ளையின் பெயர், பள்ளி, பிரிவு எல்லாம் அழைப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் தொடர்பு துண்டிக்கப்படுகிறது. அந்தப் பட்டியலை விற்றவர் யார் என்று கண்டுபிடித்து ஒரு தந்தை முறையிட்டு வென்றாலும், புதிய சட்டத்தின்கீழ் அவர் கைக்கு எதுவும் வாராது. முறையீடு பொய்யானது அல்லது அற்பமானது என்று முடிவாயின் அவருக்கே 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க மட்டும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது.