உறுமும் சுண்டெலி

சத்தத்தை அடக்கத்தான் ஸைலன்ஸர். ஆனால் சத்தம் போடுவதற்கென்றே ஸைலன்ஸர் விற்றுப் பேர் வாங்கிய மனிதர் ஒருவர் உண்டு. இத்தாலியில் தொழில் நடத்திய கார்லோ அபார்த்!

1957-ல் வந்த ஃபியட் 500 மோட்டாருக்கு இரண்டே ஸிலிண்டர், 479 ஸி.ஸி. குரலும் சுண்டெலிக் குரல்தான். அபார்த் குழாயை மாட்டினால், புகை தடையின்றி வெளியேறும். எஞ்சினுக்குத் தெம்பு கொஞ்சம் கூடும். உறுமலோ வெகுவாகக் கூடும். வாங்கியவர்களுக்குப் பரம திருப்தி!

2023-ல் அபார்த் பெயரில் மின்சார மோட்டார் வந்தது. அதில் புகையுமில்லை, குழாயுமில்லை. ஆனால் பழைய உறுமலை ஊர் கேட்க ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள்! குழாயில் இல்லாத ஒரு சௌகரியம் இதில் உண்டு: வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். அடுத்த வீட்டுத் தொட்டிலை நினைத்தாவது நிறுத்துவார்களாக!