பந்தாட்டக் களத்தில் பகவான்!

பந்தாட்டக்காரர்கள் நூறு ஓட்டம் எடுத்தவுடனே வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொள்வதும், மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைப்பதும் இன்று உலக முழுவதும் சர்வ சாதாரணமாகிவிட்டன. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டத்தில், பந்தை வேலிக்கு அப்பால் அடித்தவன் மட்டையை வீசியெறிந்துவிட்டு ஆகாயத்தை நோக்கி விரலை நீட்டுகிறான். இது பக்தியா, ஆணவமா என்று அந்நாட்டு ரசிகர்கள் வருஷக்கணக்காக வாதாடி வருகிறார்கள். 2015-ம் வருஷத்தில் டொராண்டோ அணியின் ஜோஸ் பட்டிஸ்டா என்பவர் மட்டையை வீசியெறிந்ததனால் மூண்ட பகை, அடுத்த வருஷம் மே மாதத்தில் எதிர் அணிக்காரர் ஒருவர் அவர் தாடையில் குத்துவிடுகிற வரையில் போயிற்று. ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வந்து விலக்கிவிட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காக்காரன் ஆட்டத்தைப் பற்றித் தர்மபுரி ஜில்லாக்காரனுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை இருக்கிறது. அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் ஏரி வற்றினவுடனே அந்த ஏரிக்குள்ளேயே மூன்று குச்சிகளை நட்டு, டென்னிஸ் பந்தைக் கொண்டு கிரிக்கெட் ஆடுகிற வாலிபர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையில் காசில்லாத பிள்ளைகள் தலைக்குப் பத்து இருபது என்று போட்டு நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். பந்தயம் நடத்துகிறவர்களோ, முதற்காரியமாகக் கற்பூரத்தைக் கொளுத்தித் தேங்காயை உடைத்துவிட்டுத்தான் முதல் பந்தைப் போடச் சொல்லுகிறார்கள். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரன் செய்கிறதைப் பார்த்து, மூன்றாம் வகுப்புப் பையன்கூட வட்டத்துக்குள் நுழையும்போது குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிடுகிறான். ஏனடா கும்பிட்டாய் என்றால் அவனுக்குத் தெரியாது. மூத்தவர்களுக்கு மட்டும் தெரியுமா என்று கேட்டுவிடாதீர்கள்!

நாம் கேட்கிற கேள்வி பழைய கேள்விதான். மட்டை பிடிப்பவனும் கும்பிடுகிறான். பந்து போடுகிறவனும் கும்பிடுகிறான். இரண்டு பேரும் கும்பிடுகிற சாமி ஒன்றாகவே இருக்கிறதும் உண்டு. அப்படியானால் சிக்ஸர் அடித்தவனுக்கு அருள் கிடைத்தது என்றால், அடிபட்டவன் செய்த பாவம் என்ன? அவன் வீட்டில் விளக்கேற்றவில்லையா? ஜெயித்தவன் வானத்தை நோக்கி விரலை நீட்டுகிறானே, பூஜ்யத்தில் அவுட்டான அன்றைக்கும் அதே வானத்தை நோக்கி “நீதானே கெடுத்தாய்” என்று ஏன் விரலை நீட்டுவதில்லை? லாபத்தில் மாத்திரம் பங்கு, நஷ்டத்தில் பங்கில்லை என்கிற கூட்டாளியைத் தர்மபுரி மாங்காய் மண்டியில்கூட எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

நமது பக்கத்து ஜில்லாவான சேலத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். (1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி வரையில் தர்மபுரியும் சேலம் ஜில்லாவே என்பதால் தோழர் நடராஜனை நம்மவர் என்றே சொல்லிக்கொள்ளலாம்.) சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன் நெசவுக் கூலி வீட்டுப் பிள்ளை, தாயார் சாலையோரத்தில் கடை போட்டவர். டென்னிஸ் பந்தில் பழகியே கையை வளைத்துக்கொண்டவர். வலைப் பயிற்சியில் பந்து போட்டுக் கொடுப்பதற்கென்று ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போகப்பட்டவர், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே பிரயாணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக முதன்முதலில் இறங்கினார். இந்தியர் வேறெவரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. ஊர் திரும்பியதும் அவர் செய்த காரியங்களில் ஒன்று, பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டது.

அவர் தலை, அவர் மயிர். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் யார்க்கர் போட்டது பழனியாண்டவன் அல்ல என்பதை அவரே நன்கு அறிவார். ஏனெனில், தமக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ் என்பவரின் பெயரெழுத்துகளைத் தம் சட்டையிலேயே பொறித்துக்கொண்டு ஆடியவர் அவர். அதன் பிறகு, தம் சொந்தக் கிராமத்திலேயே ஒரு மைதானத்தை உண்டாக்கி 2023 ஜூன் மாதத்தில் திறக்கவும் செய்தார். முடி கொடுத்ததால் பழனியில் ஒருவருக்கும் பந்து போட வரவில்லை. மைதானம் கொடுத்ததால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் ஆட இடம் கிடைத்தது. ஆயினும் பத்திரிகைகளிலே பழனி மொட்டைப் படம் பார்த்தவர்கள் எத்தனை பேர், அந்த மைதானத்தின் படம் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைவிட வேடிக்கையானது பட்டணத்தில் நடந்தது. 2023 மே மாதக் கடைசியில் சென்னை அணி ஐ.பி.எல். கோப்பையை வென்றது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டியிருந்தது. ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கொடுத்தவர் ரவீந்திர ஜடேஜா. கோப்பையோ தியாகராய நகரிலுள்ள திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்குப் போய் வேங்கடாசலபதியின் முன்னால் உட்கார்ந்து பூசை வாங்கிக்கொண்டது. அந்த அணியிலே இங்கிலாந்து தேசத்து முஸ்லிமான மொயின் அலி இருந்தார், நியூஸிலாந்துக்காரர் இருந்தார், இலங்கைக்காரர் இருந்தார்கள். வியர்வை எல்லா மதத்துக்காரருடையதும். அர்ச்சனை மட்டும் ஒரு சாமிக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

நிற்க. இதனாலெல்லாம் ஆட்டக்காரர்கள் கும்பிடவே கூடாதென்று சட்டம் போட வேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. ஒரு மனிதன் பதற்றத்திலே தாயத்தைத் தொடுகிறான், ஒருவன் ஏசுவை நினைக்கிறான், ஒருவன் இடது கால் உறையை முதலில் போடுகிறான். மூன்றும் நமக்கு ஒரே தரந்தான். மூடநம்பிக்கையைப் பேசித்தான் போக்க வேண்டுமேயொழிய, போலீஸைக் கொண்டு போக்க முடியாது. நாம் கேட்பதெல்லாம், கும்பிட உரிமையுண்டு என்றால் அது எல்லோருக்கும் உண்டா என்பதுதான்.

2023 நவம்பர் 2-ந் தேதி பம்பாய் வான்கடே மைதானத்தில் முகமது ஷமி 18 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட் எடுத்து, இலங்கையை 55 ஓட்டத்திற்குள் சுருட்டினார். ஐந்தாவது விக்கெட் விழுந்ததும் களைத்துப்போய்த் தரையில் மண்டியிட்டு எழுந்தார். உடனே, தொழுகை செய்யப் போனார், பயந்து நிறுத்திக்கொண்டார் என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. செய்தால் என்ன, யார் தடுக்க முடியும், நான் முஸ்லிமும்தான் இந்தியனும்தான் என்று அவர் அந்த டிசம்பரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிற வேறெந்த ஆட்டக்காரனிடத்திலாவது முழங்காலுக்கு விளக்கம் கேட்டவருண்டா?

2025 அக்டோபர் 30-ந் தேதி நவி மும்பையில், ஆஸ்திரேலியப் பெண்கள் வைத்த 339 ஓட்ட இலக்கை இந்தியப் பெண்கள் கடந்தார்கள். ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தவர் ஜெமிமா ரோட்ரிக்ஸ். மனக் கலக்கத்தால் நாள்தோறும் அழுதேன் என்று மறைக்காமல் சொன்ன அந்தப் பெண், முதலில் ஏசுவுக்கு நன்றி சொன்னார். நம்மைக் கேட்டால் நன்றி தப்பான விலாசத்துக்குப் போயிற்று என்போம். 127 ஓட்டமும் அவருடைய மணிக்கட்டிலிருந்து வந்தவை. ஆனால் அவரை வைது எழுதினார்களே, அவர்கள் கடவுளே கூடாதென்று சொன்ன நாஸ்திகர்களா? இல்லவேயில்லை. எந்தக் கடவுள் என்பதில்தான் அவர்களுக்கு ஆட்சேபம். சாமி பெயரைச் சொல்லுவது தப்பல்ல, நம் சாமி பெயரைச் சொல்லாததே தப்பு என்கிற இந்தப் புத்தியைத்தான் நாம் பக்தி என்று ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

இந்த நோய் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதல்ல. 2021 அக்டோபர் 24-ந் தேதி துபாயில் பாகிஸ்தான் ஆட்டக்காரர் ரிஸ்வான் இடைவேளையில் மைதானத்திலேயே தொழுதார். இந்துக்களின் நடுவே நின்று தொழுதது விசேஷமென்று அந்நாட்டுப் பழைய ஆட்டக்காரர் வக்கார் யூனிஸ் தொலைக்காட்சியில் புளகாங்கிதப்பட்டு, பின்பு கண்டனம் கிளம்பவே மன்னிப்புக் கேட்டார். அதே ஆட்டத்தில் தோற்றதற்காக நம் பக்கத்தில் ஷமியை வைதார்கள். அப்போது தலைவராயிருந்த கோலி, மதத்தைக் கொண்டு ஒருவனைத் தாக்குவது கேவலமென்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கும் வசவு விழுந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2023 அக்டோபர் 14-ந் தேதி ஆமதாபாத்தில் அதே ரிஸ்வான் அவுட்டாகி நடந்து போகும்போது, கூட்டம் அவரைப் பார்த்து ராமன் பெயரைக் கூவிற்று. பூசை அறையில் சொல்லவேண்டிய பெயரைத் தோற்றுப்போன விருந்தாளியின் முதுகில் எறிகிற கல்லாக்கியவர்கள் பக்தர்களா? தமிழ்நாட்டு அமைச்சராயிருந்த உதயநிதி ஸ்டாலின் அன்று இதைக் கண்டித்தார். ராமபக்தர்களல்லவா முதலில் கண்டித்திருக்க வேண்டும்!

கிரிக்கெட்டை ஆளுகிற சர்வதேச சபையாருடைய நீதியோ எல்லாவற்றையும் விட அதிசயம். 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிர்களும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்று தம் பூட்ஸில் எழுதிக்கொண்டார். அது அரசியல், கூடாது என்றார்கள். கறுப்புத் துணியைக் கையில் கட்டினார், கண்டித்தார்கள். மட்டையில் ஒரு புறாப் படத்தையும், 1948-ம் வருஷத்து உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதியின் எண்ணையும் ஒட்டினார், அதையும் மறுத்தார்கள். மனிதரெல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்பதே அந்த முதல் விதியின் சாரம். அவரோ, மற்றொருவர் மட்டையில் ஓம் இருக்கிறது, இன்னொருவர் மட்டையில் வேதாகம வாக்கியத்தைக் குறிக்கும் கழுகு இருக்கிறதே என்று படம் போட்டுக் காட்டினார். பதில் இல்லை. இந்தியாவிலோ, 2024-ல் ஒரு வாலிபப் பந்து வீச்சாளர் காற்றில் முத்தம் விட்டு எதிரியை வழியனுப்பியது முதலிய குற்றங்களுக்குச் சம்பளத்தில் 60 சதவீதம் பிடித்தார்கள். ஆக, முத்தம் குற்றம், சமத்துவம் குற்றம். சாமி ஒன்றே நிரபராதி.

இதே கேள்வி தர்மபுரி ஜில்லாவிலேயே, அதுவும் ஏரிக்கரையிலேயே எழுந்திருக்கிறது. 2022 ஜூலை மாதத்தில் ஆலாபுரம் ஏரி சீரமைப்பு வேலைக்குச் சர்க்கார் அதிகாரிகள் புரோகிதரை வைத்துப் பூமி பூசை போட்டார்கள். அப்போது தர்மபுரியின் பார்லிமெண்டு மெம்பராயிருந்த டாக்டர் செந்தில்குமார், சர்க்கார் காரியத்தில் ஒரு மதத்துச் சடங்கு மட்டும் ஏன், கிறிஸ்துவர் எங்கே, முஸ்லிம் எங்கே, மதமில்லாதவர் எங்கே என்று கேட்டு அதை நிறுத்தச் செய்தார். தைரியமான கேள்வி. ஆனால் நமது அபிப்பிராயம் அதைவிட ஒரு படி மேற்பட்டது. நாலு மதத்தாரையும் கூப்பிட்டு நாலு மந்திரம் சொல்லச் செய்வதனால் ஏரியில் நாலு மடங்கு தண்ணீர் நிற்கப் போவதில்லை. 1968-ல் அண்ணாதுரை மந்திரிசபை சர்க்கார் ஆபீசுகளிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொன்னதே, அதற்குப் பிறகும் இன்ஜினீயருக்கு மண்வெட்டிக்கு முன்னால் மந்திரம் வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரன் கும்பிடுவது அவன் சொந்த விஷயம். ஜனங்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவன் ஆபீஸ் நேரத்தில் கும்பிடுவது சொந்த விஷயமல்ல.

சாமி விஷயத்தில் இவ்வளவு தாராளமாயிருக்கிற மைதானம், சாதி விஷயத்தில் எப்படி இருந்திருக்கிறது? பல்வங்கர் பாலு என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பந்து வீச்சாளர் 1911-ல் இங்கிலாந்தில் 114 விக்கெட் எடுத்தார். புனாவில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, தனி மண் கோப்பையில் கொடுத்தார்கள். பம்பாயில் இந்து, முஸ்லிம், பார்சி, ஐரோப்பியர் என்று மதவாரியாகவே அணி பிரித்து ஆடின பந்தயம் 1946-ல்தான் ஒழிந்தது. அதெல்லாம் பழங்கதை என்பவர்கள் 2021-ஐ நினைத்துக்கொள்ளட்டும். ஒலிம்பிக்கில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண்ணான வந்தனா கட்டாரியாவின் அணி ஆகஸ்ட் 4-ந் தேதி தோற்றவுடன், ஹரித்துவாரத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, தாழ்த்தப்பட்டவர்கள் அணியில் அதிகமானதால் தோற்றதென்று மேல்சாதியார் சிலர் ஏசினார்கள். தன் தேசம் தோற்றதற்குப் பட்டாசு! தர்மபுரி ஜில்லாவும் மார்தட்டிக்கொள்வதற்கில்லை. 2012 நவம்பர் 7-ந் தேதி நத்தம் காலனியில் வீடுகள் எரிந்த ஜில்லா இது. ஊர்த்தெரு அணி, காலனி அணி என்று இன்னும் தனித்தனியாகப் பெயர் கொடுக்கிற ஊர்கள் இருக்கின்றன.

ஆகையால் வருகிற தைமாதப் பந்தயங்களை நடத்தப் போகிற தோழர்களுக்கு ஒன்று தெரிவித்துக்கொள்கிறோம். கற்பூரம், தேங்காய், மாலை, புரோகிதர் தட்சிணை ஆகியவற்றிற்கு ஒதுக்குகிற தொகையை அப்படியே இரண்டு ஜோடி காலுறைக் காப்புகளுக்கும் ஒரு முதலுதவிப் பெட்டிக்கும் செலவிடுங்கள். முதல் பந்தைப் போட ஊரிலுள்ள துப்புரவுத் தொழிலாளி ஒருவரை அழையுங்கள். ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே பெயரில் கொடுக்கிற அணிக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாமென்று நோட்டீஸில் அச்சடியுங்கள். அப்படி எந்த ஊரிலாவது நடந்தால், எத்தனை அணி சேர்ந்தது, யார் ஜெயித்தார்கள் என்று நமக்கு எழுதுங்கள்; முழு விவரத்தையும் பிரசுரிப்போம்.