கண்ணில் இல்லாத உயிர்

2014-இல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில் ரஜினியின் அசைவுகளை மோஷன் கேப்சரில் பிடித்து, தோல், முடி எல்லாம் அச்சு அசலாகச் செய்யப் பார்த்தார்கள். கண்ணில்தான் உயிர் இல்லை. பார்க்கவே சங்கடமாக இருந்தது. பொம்மை ஏறக்குறைய மனிதனாகும் இடத்தில்தான் மனம் சட்டென விலகும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார். ஆனால் டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலில் முருகன் சுவாமிநாதனின் கல் திருமேனியில் நரம்பும் இல்லை, தோல் சுருக்கமும் இல்லை. ஆனாலும் தீபாராதனை வெளிச்சத்தில் அவன் நம்மையே பார்க்கிறான்! அதனால் வீடியோ கேம் செய்பவர்களும் வியர்வைத் துளிக்குக் கொட்டும் உழைப்பைப் பாத்திரத்தின் பார்வைக்குக் கொடுக்கட்டும். புனேயில் உருவாகி 2020-இல் வெளியான ‘ராஜி’ கேம், கதையின் பல பகுதிகளை நிழற்பொம்மை பாணியிலேயே சொன்னது. அச்சு அசலை விட்டுவிடும் அந்தத் துணிச்சல் பெரிய நிறுவனங்களுக்கும் வேண்டும்.