தீராத வழக்குகள்: போலீஸ் தலைமையகத்தில் கிடந்த மூட்டை... ஜாக் தி ரிப்பரும் தேம்ஸ் கொலையாளியும் ஒரே ஆளா?

1888, அக்டோபர் 2. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரம் பிரமாண்டமான கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் முதலில் வருவதாக இருந்தது ஓர் ஓபரா அரங்கம். காசு தீர்ந்து அது பாதியிலேயே நின்றுபோனது. பிறகு அந்த இடம் லண்டன் போலீஸின் கைக்கு வந்தது. 'நியூ ஸ்காட்லாந்து யார்டு', அதாவது போலீஸின் புதிய தலைமையகம், அங்கேதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

அடித்தளத்து அறைகளில் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. தீக்குச்சி கிழித்தால்தான் எதிரில் இருப்பது தெரியும். தன் கருவிகளை அங்கே ஒரு மூலையில் ஒளித்து வைப்பது ஒரு தச்சரின் வழக்கம். திங்கட்கிழமையே அந்த மூலையில் ஒரு துணி மூட்டை அவர் கண்ணில் பட்டது. யாரோ போட்டுவிட்டுப்போன கந்தல் என்று விட்டுவிட்டார். மறுநாள் அதை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கயிற்றை அறுத்தார்கள். உள்ளே ஒரு பெண்ணின் உடல். தலை இல்லை. கைகள் இல்லை. கால்களும் இல்லை.

இதற்கு இரண்டு நாள் முன்புதான், செப்டம்பர் 30-ம் தேதி அதிகாலையில், கிழக்கு லண்டனில் ஒரு மணி நேர இடைவெளிகூட இல்லாமல் எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோவ்ஸ் என்ற இரண்டு பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றவன் யார் என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆனால், அவனுக்கு ஒரு பெயர் மட்டும் கிடைத்துவிட்டது: ஜாக் தி ரிப்பர்.

ஒரே ஊர், ஒரே மாதம், கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லா உடலிலும் கத்தியின் வேலை. அப்படியென்றால் இரண்டும் ஒரே கைதானா? 135 வருடங்களுக்கு மேலாகியும் இந்தக் கேள்வி ஓயவில்லை.

நதி கொண்டுவந்த உடல்கள்

ரிப்பரின் கதை பலருக்கும் தெரியும். 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, ஒயிட்சேப்பல் பகுதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், ஸ்ட்ரைட், எடோவ்ஸ், கடைசியாக மேரி ஜேன் கெல்லி. ஐந்து இடங்களையும் நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

இன்னொரு வரிசை அந்த அளவுக்குப் பிரபலம் இல்லை. 1887 மே மாதம், லண்டனுக்குக் கிழக்கே ரெயின்ஹாம் என்ற ஊரருகே தேம்ஸ் நதியில் ஒரு பெண்ணின் முண்டம் மிதந்துவந்தது. அடுத்த சில வாரங்களில் அவர் உடலின் மேலும் பல பாகங்கள் நதியிலும் ஒரு கால்வாயிலும் கிடைத்தன. தலை கிடைக்கவில்லை. அடுத்தது, போலீஸ் தலைமையகத்தில் கிடந்த மேற்படி உடல். அந்தப் பெண்ணின் கை ஒன்று செப்டம்பர் 11-ம் தேதியே பிம்லிகோ கரையில் கிடைத்திருந்தது. மருத்துவர்கள் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. 1889 ஜூனில் எலிசபெத் ஜாக்சன் என்ற பெண். அதே ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி, பின்ச்சின் தெருவில் ரயில் பாலத்துக்குக் கீழே இன்னொரு தலையில்லாத உடல்.

இந்தக் கடைசி உடல்தான் போலீஸைக் கலக்கியது. அது நதியில் மிதந்து வரவில்லை, ரிப்பரின் பேட்டையிலேயே கிடந்தது. அதோடு தேதியும் உறுத்தியது. உடல் கிடைப்பதற்கு ஒரு நாளுக்கும் முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அந்தக் கணக்குப்படி கொலை செப்டம்பர் 8 வாக்கில் நடந்திருக்கலாம். சரியாக ஒரு வருடத்துக்கு முன், அதே செப்டம்பர் 8-ல்தான் ஆனி சாப்மன் கொல்லப்பட்டார்.

ஒரே ஆள் என்பவர்கள் சொல்வது என்ன?

தேதிகளையும் தெருக்களையும் விடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் மருத்துவக் குறிப்புகள். ஆனி சாப்மன், மேரி கெல்லி இருவரின் வயிற்றுப் பகுதியிலும் தோல் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. எலிசபெத் ஜாக்சன் உடலைப் பரிசோதித்தவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதிவைத்தார்கள். சாப்மனின் கழுத்தெலும்பைப் பிரிக்க முயன்ற தடயமும் உண்டு. "தலையை எடுக்கப் பார்த்திருக்கிறான், நேரம் போதவில்லை" என்பது இவர்கள் வாதம்.

இத்தனை கொடூரமான இரண்டு பேர் ஒரே நகரத்தில், ஒரே சமயத்தில் இருப்பது சாத்தியமா என்றும் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அன்றைய லண்டன் 40 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம். 1891-92-ல் தாமஸ் நீல் க்ரீம் என்ற டாக்டர், அதே தேம்ஸின் தென்கரையில், விஷ மாத்திரை கொடுத்துப் பெண்களைக் கொன்று தூக்கில் தொங்கினார். அவர்தான் ரிப்பர் என்றும் ஒரு கதை சுற்றியது. பாவம், 1888-ல் அவர் அமெரிக்கச் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார்! க்ரீமுக்குப் பிறகு, ஜார்ஜ் சாப்மன் என்ற பெயரில் வாழ்ந்த போலந்துக்காரர் மூன்று பெண்களுக்கு விஷம் வைத்தார். ஆக, ஒரு நகரத்துக்கு ஒரு தொடர் கொலையாளிதான் என்று எந்தக் கணக்கும் இல்லை.

பதினான்கு நிமிடமும் ஒரு பூட்டிய அறையும்

எடோவ்ஸ் கொல்லப்பட்ட மைட்டர் சதுக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் ரோந்து வந்துகொண்டிருந்தார். 1.30 மணிக்கு வந்தபோது சதுக்கம் காலியாக இருந்தது. 1.44-க்குத் திரும்பி வந்தபோது உடல் கிடந்தது. இந்தப் பதினான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரிப்பருக்குத் தேவைப்பட்டது ஒரு கத்தி, ஓர் இருட்டு மூலை, கொஞ்சம் அசட்டுத் துணிச்சல். உடலை ஒளித்துவைக்க அவன் மெனக்கெடவே இல்லை. விடிந்தால் யார் கண்ணிலாவது படும் என்பது தெரிந்தே போட்டுவிட்டுப் போனான்.

நதியில் கிடைத்த உடல்களுக்குப் பின்னால் இருந்த வேலையே வேறு. அதற்கு யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம் வேண்டும். கத்தியோடு ரம்பமும் வேண்டும். பல மணி நேரம் வேண்டும். ரத்தத்தைக் கழுவத் தண்ணீர், சுற்றிக்கட்டத் துணி, எடுத்துப்போக வண்டியோ படகோ வேண்டும். தலை மட்டும் யாருக்கும் கிடைக்கவே கூடாது என்ற கவனமும் வேண்டும். அந்தக் காலத்தில் தலை கிடைக்காவிட்டால் பெயர் கிடைக்காது. பெயர் கிடைக்காவிட்டால் அவரோடு கடைசியாகப் பழகியது யார் என்று போலீஸால் தேட முடியாது. தன் பக்கம் யாரும் வந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தவனின் வேலை இது. செத்துப்போனவரை அவனுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

"ரிப்பருக்குத் தனி இடம் கிடைத்திருந்தால் அவனும் இதைத்தான் செய்திருப்பான்" என்று சிலர் பதில் சொல்வதுண்டு. ஆனால், அவனுக்கு ஒருமுறை தனி இடம் கிடைத்தது. மேரி கெல்லியை அவன் கொன்றது அவரது அறைக்குள்ளேயே. கதவு மூடியிருந்தது. அவசரம் இல்லை. அன்று அவன் செய்தது மற்ற நான்கையும்விட மிகக் கொடூரம், விவரிக்க வேண்டாம். ஆனாலும் அவன் கை கால்களைப் பிரித்து மூட்டை கட்டவில்லை. தலையை எடுத்துப்போகவில்லை. அவரது கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனான். இரண்டு வரிசையும் வேறு வேறு ஆட்களின் வேலை என்று சொல்ல, இந்த ஓர் இரவு போதும் என்றே தோன்றுகிறது.

இன்னொருவரின் சாட்சியமும் இருக்கிறது. டாக்டர் தாமஸ் பாண்ட், போலீஸின் மருத்துவர். மேரி கெல்லியின் உடலையும் பார்த்தவர், தலைமையகத்தில் கிடைத்த உடலையும் பார்த்தவர். கெல்லி இறந்த மறுநாள், நவம்பர் 10-ம் தேதி, அவர் எழுதிய அறிக்கை பிரபலமானது. ஐந்து கொலைகளும் ஒரே ஆளின் வேலை என்ற அவர், அந்த ஆளுக்கு ஒரு கசாப்புக்காரருக்கு உள்ள அறிவுகூட இல்லை என்று அடித்துச் சொன்னார். தேம்ஸ் உடல்களிலோ, மூட்டுகளைப் பிரிக்கத் தெரிந்த ஒருவரின் கைப்பழக்கம் இருப்பதாக அவரும் அவரது உதவியாளர் ஹெபர்ட்டும் கருதினார்கள். ரிப்பருக்கு உடற்கூறு தெரியும் என்று சொன்ன மருத்துவர்களும் அன்று உண்டு. என்றாலும், இரண்டு வகை உடல்களையும் மேஜையில் கிடத்திப் பார்த்தவர் பாண்ட். பின்ச்சின் தெரு விவகாரத்தில் போலீஸ் ஆணையர் ஜேம்ஸ் மன்றோவும் இது ரிப்பரின் வேலை அல்ல என்ற முடிவுக்குத்தான் வந்தார்.

ஆள் தேடும் படலம்

இதற்குப் பிறகும் ஆளைத் தேடுபவர்கள் ஓயவில்லை. விஷம் வைத்த அதே ஜார்ஜ் சாப்மன்தான் இரண்டு வரிசைக்கும் காரணம் என்று ஒரு புத்தகமே வந்தது. அவர் இளவயதில் போலந்தில் அறுவை சிகிச்சை உதவியாளர் வேலை பழகியவர் என்பது வசதியாகிப்போனது. ஆனால் தேம்ஸில் இதே மாதிரியான உடல்கள் 1873, 1874-லும் கிடைத்திருக்கின்றன. அவற்றையும் இந்த வரிசையில் சேர்த்தால், 1865-ல் பிறந்த சாப்மனுக்கு அப்போது எட்டு வயது!

இன்னொரு கட்சி, மேரி ஆன் நிக்கோல்ஸின் உடலை முதலில் பார்த்த வண்டிக்காரர் சார்லஸ் லெச்மியரைக் கைகாட்டுகிறது. அதிகாலையில் வேலைக்குப் போனவர், வழியில் உடலைப் பார்த்தார். விசாரணையில் 'கிராஸ்' என்ற வேறு குடும்பப் பெயரைச் சொன்னார். வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் தேம்ஸ் மூட்டைகளும் அவர் தலையில் ஏறிவிட்டன. அன்று காலை அந்தத் தெரு வழியாக வேலைக்குப் போனதைத் தவிர அவர்மீது உருப்படியாக ஒன்றும் இல்லை.

ஒரே ஆள் என்று சொல்பவர்கள் தாண்டிப்போகும் ஒரு விஷயம் உண்டு. தேம்ஸ் உடல்கள் அனைத்தும் ஒரே ஆளின் வேலை என்பதே நிரூபணமாகவில்லை. ரெயின்ஹாம், தலைமையகம் இரண்டு வழக்கிலும் மரண விசாரணை ஜூரி சொன்ன தீர்ப்பு, 'சடலமாகக் கிடைத்தார்' என்பது மட்டும்தான். கொலை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எப்படி இறந்தார் என்று காட்டும் பாகங்கள் கிடைக்கவில்லையே! சட்டவிரோதக் கருக்கலைப்பில் இறந்த பெண்ணின் உடலை மறைக்க யாரோ செய்த வேலையாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் அன்றே இருந்தது.

ஷெல்லி வீட்டுத் தோட்டம்

தேம்ஸ் பெண்களில் பெயர் கிடைத்தது ஒரே ஒருவருக்கு. எலிசபெத் ஜாக்சன், வயது 24. செல்சி பக்கத்துப் பெண். ஏழு, எட்டு மாதக் கர்ப்பிணி. கூட வாழ்ந்தவர் விட்டுவிட்டுப் போய்விட, தங்க இடமில்லாமல் சில இரவுகளை நதிக்கரையிலேயே கழித்தார். 1889 ஜூனில் அவரது உடல் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன, பெரும்பாலும் நதியில். ஒரு பொட்டலம் செல்சி கரையோர வீடு ஒன்றின் வேலிக்கு மேலே தோட்டத்துக்குள் வீசப்பட்டிருந்தது. அந்த வீடு சர் பெர்சி ஷெல்லியுடையது. அவருடைய அம்மா மேரி ஷெல்லி, பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு மனிதனை உருவாக்கும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையை எழுதியவர். வீசியவனுக்கு அது யார் வீடு என்று தெரிந்திருக்கும் என நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால், இதற்கும் ஒரு சதிக் கதை எழுதிவிட்டார்கள்.

பாகங்களைச் சுற்றியிருந்த துணி ஒன்றில் 'எல்.இ.ஃபிஷர்' என்று எழுதியிருந்தது. போலீஸ் அந்தப் பெயரைத் துரத்தியது. அது யாரோ உடுத்திக் கைமாறிய பழைய துணி. கடைசியில் அடையாளம் காட்டியது, மணிக்கட்டில் இருந்த ஒரு பழைய தழும்பு. எலிசபெத்தின் அம்மாவுக்கு அந்தத் தழும்பு தெரியும். இந்த வழக்கில் ஜூரி தயங்கவில்லை, தெரியாத நபரால் செய்யப்பட்ட திட்டமிட்ட கொலை என்றது. பிரிந்துபோன துணைவரைப் போலீஸ் டெவன் பகுதியில் தேடிப் பிடித்தது. அவருக்குச் சம்பந்தமில்லை என்றானது. விசாரணை அதோடு நின்றுபோனது.

ரிப்பர் கொன்ற ஐந்து பேரின் வாழ்க்கையை வைத்து ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய 'தி ஃபைவ்' புத்தகம் 2019-ல் வெளியாகி விருது வாங்கியது. அந்த ஐவரில் பெரும்பாலோர் எங்கே பிறந்தார்கள், யாரைக் கல்யாணம் செய்தார்கள், எப்போது வீடிழந்தார்கள் என்று இன்று தேடிப் படிக்க முடிகிறது. அவர்களுக்கு முகம் இருந்தது. வந்து அடையாளம் சொல்ல ஆட்களும் இருந்தார்கள். தேம்ஸ் பெண்களை ரிப்பரின் கணக்கில் சேர்த்துவிட்டால், அவர்கள் ஆறாவது, ஏழாவது என்று எண்களாகிப்போவார்கள். அவர்களைக் கொன்றவன் யார், அவன் வீடு எந்தக் கரையில் இருந்தது என்ற கேள்வியை அதன்பின் யார் கேட்கப்போகிறார்கள்?

தலைமையகத்தின் அடித்தளத்தில் அக்டோபர் 17-ம் தேதி மறுபடியும் தேடினார்கள். இந்த முறை ஒரு பத்திரிகையாளர் தன் நாயுடன் வந்திருந்தார். போலீஸ் ஏற்கெனவே தேடி முடித்துவிட்ட அதே இடத்தில் நாய் மண்ணைக் கிளறியது. அந்தப் பெண்ணின் கால் அங்கே புதைந்திருந்தது. அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. கட்டட வேலை தொடர்ந்தது. 1890-ல் போலீஸார் அங்கே குடியேறினார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்கள் இயங்குகின்றன. அடித்தளத்தில் கிடந்த பெண் இன்றும் 'வைட்ஹால் மர்மம்' என்ற பெயரில்தான் அறியப்படுகிறார்.