சைனா இன்ஜினா? முதல்ல பெட்ரோலைப் பாருங்க சாமி!

ரொம்ப நாள் கடுப்பு, இன்னைக்குக் கொட்டிடறேன். மின்னசோட்டாவுல பனி விழ ஆரம்பிச்சா கூடவே ஒரு புலம்பலும் ஆரம்பிச்சிடும். "இப்ப வர்ற ஸ்நோ ப்ளோயர் எல்லாம் சைனா இன்ஜின். ரெண்டு வருஷம் தாங்காது. அந்தக் காலத்து டெக்கும்சே மாதிரி வருமா?"

போன டிசம்பர்ல பக்கத்து வீட்டுப் பெரியவரும் இதையேதான் சொன்னார். அஞ்சு வருஷ மெஷின். கயிறை இழுத்து இழுத்துக் கை ஓஞ்சதுதான் மிச்சம், கிளம்பல. "சைனா குப்பை"ன்னு கராஜ் ஓரத்துல தள்ளிட்டு ஷவலைத் தூக்கிட்டார். வயசு எழுபது, இதயத்துல ஸ்டென்ட் வேற. ஈரப்பனி என்ன கனம் கனக்கும்னு அள்ளினவங்களுக்குத் தெரியும். பனி அள்ளப் போய் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழறவங்க வருஷா வருஷம் உண்டு.

மனசு கேக்கல. போய் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினேன். உள்ள வார்னிஷ் மாதிரி பிசுபிசுன்னு ஒரு படிவு. ஏப்ரல்ல மிச்சமான பெட்ரோல் டிசம்பர் வரைக்கும் உள்ளயே கிடந்திருக்கு. ஜெட்டைக் கழட்டி மெல்லிய கம்பியால அடைப்பெடுத்து, புது பெட்ரோல் ஊத்தினேன். ரெண்டாவது இழுப்புல கிளம்பிடுச்சு. இதுல சைனா எங்கய்யா வந்துச்சு?

இங்க பங்க்ல கிடைக்கிற சாதா பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல கிடந்தா பெட்ரோல்ல லேசான பகுதி ஆவியாகி, பிசின்தான் மிஞ்சும். அந்தக் காலத்து கார்புரேட்டர் பலதுல திருகி அட்ஜஸ்ட் பண்ண ஸ்க்ரூ இருந்துச்சு, எப்படியோ ஒப்பேத்தலாம். புகைக் கட்டுப்பாடு வந்தப்புறம் ஜெட் சின்னது, அளவும் மாத்த முடியாது. எந்த நாட்டு இன்ஜினா இருந்தாலும் இதே கதைதான்.

டெக்கும்சே புராணத்துக்கு வருவோம். 'ஸ்நோ கிங்' நல்ல இன்ஜின்தான், மறுக்கல. ஆனா அந்தக் கம்பெனி இன்ஜின் செய்யறதையே 2008-ல நிறுத்திடுச்சு. இன்னைக்கு நீங்க பாக்குற பழைய டெக்கும்சே எல்லாம் பொழைச்சுக் கிடக்குறது. கனெக்டிங் ராட் உடைஞ்சு காயலான் கடைக்குப் போனதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியாதே!

இன்னொரு வேடிக்கை. இதே ஆளுங்க ஹோண்டான்னா கையெடுத்துக் கும்பிடுவாங்க. ஜப்பான் மட்டும் என்ன, விஸ்கான்சின் பக்கத்துலயா இருக்கு? 1983-ல வந்த ஹோண்டா ஜிஎக்ஸ் அமைப்பைப் பார்த்துச் செஞ்சதுதான் சீன இன்ஜின்ல பலதும். விஸ்கான்சின் பிரில்லியன்ல 1960-ல முதல் ஸ்நோ-த்ரோ செஞ்ச ஏரியன்ஸே இன்னைக்குப் பல மாடல்கள்ல சீனாவுல செஞ்ச இன்ஜினைத்தான் வைக்குது.

குறையே இல்லையான்னா, இருக்கு. ஆலைக்கு ஆலை தரம் மாறும். அதைவிட வில்லங்கம், மேல ஒட்டின பேர் ஒண்ணு, செஞ்ச ஆலை வேற ஒண்ணு. கேஸ்கெட் தேடினா தலை சுத்தும். அதனால வாங்கும்போது எந்த நாடுன்னு கேக்காதீங்க. பத்து வருஷம் கழிச்சு உதிரிபாகம் கிடைக்குமா, யார்கிட்ட கிடைக்கும்னு கேளுங்க. கேக்க வேண்டிய கேள்வியை விட்டுட்டு தேசபக்தி பேசினா நஷ்டம் உங்களுக்குத்தான்.

சீசன் முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணுங்க, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. மின்னசோட்டாவுல சின்ன இன்ஜினுக்குன்னு எத்தனால் கலக்காத பெட்ரோல் பங்க்லயே கிடைக்குது, கொஞ்சம் விலை கூட. ஊத்தினா குறைஞ்சா போயிடுவீங்க?

பெரியவர் இந்த ஏப்ரல்ல எனக்கு முன்னாடியே டேங்கைக் காலி பண்ணிட்டார். வாய்ல மட்டும் இன்னும் "சைனா குப்பை"தான்.

டிஸ்கி: சைனாக்காரன் எவ்வளவு குடுத்தான்னு பின்னூட்டத்துல கேக்கப்போற அனானி அண்ணாச்சிக்கு: குடுத்திருந்தா முதல்ல கராஜுக்கு ஒரு ஹீட்டர் போட்டிருப்பேன்!